பெயர்ப்பலகை மாட்டுவோருக்கான முழு உடல் பெல்ட்: காரைக்குடிப் பட்டறையிலிருந்து ஒரு மதிப்புரை

காரைக்குடியில் பெயர்ப்பலகை செய்து, மாட்டி, பழுது பார்த்துக் கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறேன். செக்காலை ரோடு, கல்லுக்கட்டி, நூறடி ரோடு என்று உள்ளூரிலும், தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று சுற்று வட்டாரத்திலும் எங்களுக்கு வேலை இருக்கிறது. எங்கள் ஆட்களுக்காக மதுரையில் ஒரு பாதுகாப்பு உபகரணக் கடையில் வாங்கிய, இரட்டைக் கொக்கி கொண்ட முழு உடல் பெல்ட் பற்றியே இந்த மதிப்புரை. ஒரு செட் மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. இதே அமைப்பில் பல நிறுவனங்கள் பெல்ட் தயாரிக்கின்றன. நான் சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் அந்த வகை முழுவதற்கும் பொருந்துபவை என்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

எங்கள் தொழிலில் நடக்கும் விபத்துகள் பெரும்பாலும் ஒவ்வொருவராகவே நடக்கின்றன, அதனாலேயே அவை வெளியில் தெரிவதில்லை. 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் பெட்ரோல் பங்க் மேல் ராட்சத விளம்பரப் பலகை விழுந்து 17 பேர் இறந்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. பேச வேண்டிய செய்திதான் அது. ஆனால் ஒரு ஜவுளிக்கடையின் முகப்பில் எரியாமல் போன எல்.இ.டி. எழுத்தைச் சரிசெய்ய ஏணியில் ஏறியவர் விழுந்து முதுகெலும்பு முறிந்து படுத்துவிட்டால், அந்தத் துயரம் அந்த வீட்டுத் திண்ணையைத் தாண்டுவதில்லை. முதுகெலும்பிலோ தலையிலோ பலத்த அடி என்றால் இங்கிருந்து மதுரைக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அந்தப் பயணம் நேராமல் தடுக்கும் பொருள் என்பதால், இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் செட்டில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தோள், மார்பு, இடுப்பு, இரண்டு தொடைகள் ஆகியவற்றைச் சுற்றி வரும் பாலியெஸ்டர் நாடாவால் ஆனது பெல்ட். முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஆங்கில டி எழுத்து வடிவில் இரும்பு வளையம் ஒன்று இருக்கிறது. அந்த வளையத்தில், விழும் அதிர்ச்சியைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர் பையும், அதிலிருந்து பிரிந்து செல்லும் இரண்டு நாடாக்களும், அவற்றின் நுனியில் சாரக் குழாயைக் கவ்வும் அளவுக்கு வாய் அகன்ற இரண்டு பெரிய கொக்கிகளும் இணைக்கப்பட்டிருக்கின்றன. அப்சார்பரோடு சேர்த்து நாடாவின் நீளம் 1.8 மீட்டர். லேபிளில் ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண், தயாரித்த மாதம், வரிசை எண், நூறு கிலோ என்ற எடை வரம்பு ஆகியவை அச்சிடப்பட்டுள்ளன. அந்த நூறு கிலோ என்பது ஆளின் எடையோடு, இடுப்பில் தொங்கும் டிரில்லிங் மெஷினும் போல்ட் பையும் சேர்ந்த கணக்கு. தையல் நூல் நாடாவின் நிறத்துக்கு மாறான நிறத்தில் இருக்கிறது. ஒரு தையல் அறுந்தாலும் தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள்.

கடைவீதியில் இன்னமும் பலர் வைத்திருப்பது வெறும் இடுப்பு பெல்ட். கம்பத்தில் சாய்ந்து நின்று வேலை செய்வதற்கு அது உதவும். விழுபவரைத் தாங்குவதற்கு அது உதவாது. விழுந்த வேகம் முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் ஒரே இடத்தில் இறங்கும், தலைகீழாகப் புரண்டால் உடல் பெல்ட்டிலிருந்து நழுவவும் கூடும். அமெரிக்காவில் விழுபவரைத் தாங்கிப் பிடிக்கும் சாதனமாக இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்துவதை 1998 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். இங்கே இன்றும் சில நூறு ரூபாய்க்கு அதைத்தான் "சேப்டி பெல்ட்" என்று விற்கிறார்கள். வாங்காதீர்கள்.

அணிவதைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் எங்கள் ஊருக்கே உரியது. எங்கள் ஆட்களில் மூத்தவர்கள் கைலி கட்டிக்கொண்டே ஏணி ஏறிப் பழகியவர்கள், ஆனால் தொடை நாடாவைக் கைலி மேல் சரியாக மாட்டவே முடியாது. தொடை நாடா தளர்வாக இருந்தாலோ மாட்டாமல் விட்டாலோ, விழும்போது மார்பு நாடா கழுத்துக்கு ஏறிவிடும். வேலை நேரத்துக்கு மட்டும் முழுக்கால்சட்டை என்று முடிவு செய்து பட்டறைச் செலவிலேயே தைத்துக் கொடுத்தோம். சித்திரை, வைகாசி வெயிலில் நாடா பட்ட இடமெல்லாம் வியர்த்து உறுத்துகிறது என்பது உண்மைதான். தோள் பகுதியில் மெத்தை வைத்த பெல்ட் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது, அன்றாடம் மாட்டுபவர் என்றால் அதை வாங்குவது நல்லது. உடலளவுக்கு ஏற்ப இறுக்கிக்கொள்ளும் வசதி போதுமானதாகவே இருக்கிறது.

இனி இந்த பெல்ட்டை வாங்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய, ஆனால் விற்பவர்கள் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். பெல்ட்டைக் கொடுத்த அன்று எங்கள் மூத்த ஆள் ஒருவர், "பதினஞ்சு அடிக்கு எதுக்குண்ணே பெல்ட்டு? இதை மாட்டி இறக்குற நேரத்துல வேலையே முடிஞ்சிரும்ல" என்று கேட்டார். உயரம் குறைவு என்றால் ஆபத்தும் குறைவு என்று அவர் நினைத்தார். பெல்ட்டின் கணக்கு அதற்கு நேர் எதிரானது. உயரம் குறையக் குறைய இந்த வகை பெல்ட்டால் ஆளைக் காப்பாற்றுவது கடினமாகிறது.

நம் கடைவீதிகளில் பெயர்ப்பலகை பெரும்பாலும் ஷட்டருக்கு மேலே, பன்னிரண்டு அடி முதல் பதினெட்டு அடி வரையிலான உயரத்தில் இருக்கும். பதினைந்து அடியில் உள்ள பலகையில் வேலை செய்பவரின் கால் சுமார் பத்து அடியில், அதாவது மூன்று மீட்டரில் நிற்கும். அங்கே கைக்கு எட்டுவது சன்ஷேடுக் கம்பியோ ஏணியின் படியோதான், பெரும்பாலானவர்கள் கொக்கியைக் காலடியில் உள்ள அதில்தான் மாட்டுகிறார்கள். இப்போது அவர் தவறி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாடா 1.8 மீட்டர். கொக்கி மாட்டிய இடத்திலிருந்து அந்த நீளத்துக்குக் கீழே போன பிறகுதான் நாடா இறுகும், அப்போது முதுகு வளையம் தரையிலிருந்து 1.2 மீட்டரில் இருக்கும். நிற்கும் ஒருவரின் முதுகு வளையத்துக்கும் பாதத்துக்கும் இடையே கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் இருக்கிறது. ஆகவே நாடா இறுகுவதற்கு முன்பே அவர் தரையில் மோதிவிடுகிறார். மூன்று மீட்டர் விழுவதற்கு முக்கால் வினாடிதான் ஆகும், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 27 கிலோமீட்டருக்கு மேல். பெல்ட் முறையாக மாட்டியிருந்தது, கொக்கி பூட்டியிருந்தது, நாடா அறவில்லை, ஆனாலும் ஆள் தரையில் கிடப்பார்.

இது போதாதென்று, ஷாக் அப்சார்பர் வேலை செய்வதற்கும் இடம் வேண்டும். அந்தப் பைக்குள் மடித்துத் தைத்த நாடா இருக்கிறது. விழும் விசை அதன் தையலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்துத் திறக்கும்போதுதான் உடலில் இறங்கும் விசை ஆறு கிலோ நியூட்டனுக்குள், அதாவது சுமார் அறுநூறு கிலோ எடைக்குள் அடங்குகிறது. ஐரோப்பியத் தரப்படி அது 1.75 மீட்டர் வரை நீளலாம். நாடா நீளம் 1.8, அப்சார்பர் நீட்சி 1.75, வளையத்திலிருந்து பாதம் வரை 1.5, அதற்கும் கீழே பாதுகாப்புக்காக ஒரு மீட்டர் எல்லாவற்றையும் கூட்டினால் கொக்கி மாட்டும் இடத்துக்குக் கீழே ஆறு மீட்டருக்கு மேல், ஏறத்தாழ இருபது அடி, எதுவும் இல்லாத வெற்றிடம் வேண்டும். காரைக்குடிக் கடைவீதியில் எந்தப் பலகைக்குக் கீழே இருபது அடி வெற்றிடம் இருக்கிறது? இடையில் சன்ஷேடு இருக்கும், பக்கத்துக் கடையின் தகரக் கூரை இருக்கும், நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள்கள் இருக்கும்.

நான் வாங்கிய செட்டோடு வந்த தாளில் இந்தக் கணக்கு ஒரு சிறிய படமாக, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தது. அதைத் தமிழில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன். அதோடு நிற்காமல், பட்டறை மொட்டைமாடியின் ஓரத்தில் ஒரு செட்டை மணல் மூட்டைக்கு மாட்டி, ஆட்கள் பார்க்கக் காலடி மட்டத்திலும் தலைக்கு மேலும் மாறி மாறிக் கட்டித் தள்ளிப் பார்த்தோம். தலைக்கு மேலே கட்டி, நாடா தொய்யாமல் வைத்திருந்தபோது மூட்டை சற்றே இறங்கி நின்றுவிட்டது. காலடியில் கட்டியபோது தரையில் மோதிய சத்தத்துக்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு முறை இழுபட்ட அப்சார்பரை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பதால் அந்த செட்டை வெட்டிக் குப்பையில் போட்டோம். அந்தச் செலவுக்கு அது தகும்.

ஆகவே பெல்ட்டை வாங்குவதால் பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதி சுவரில் இருக்கிறது, சுவரோ எங்களுடையது அல்ல, கடைக்காரருடையது. இந்த மதிப்புரையைப் பட்டறைக்காரர்கள் மட்டுமன்றிப் பலகை மாட்டச் சொல்பவர்களும் படிக்க வேண்டும் என்று நான் விரும்புவது இதனால்தான்.

கொக்கி மாட்டும் இடம் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பதற்கு ஐரோப்பியத் தரம் ஓர் ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ நியூட்டன், அதாவது ஆயிரத்து இருநூறு கிலோ அளவு என்கிறது. அமெரிக்க விதி 5,000 பவுண்டு, சுமார் 2,270 கிலோ என்கிறது. ஒரு சிறிய காரைத் தொங்கவிட்டாலும் தாங்கும் இடமாக இருக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். செட்டிநாட்டில் அப்படிப்பட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது மற்ற ஊர்களைவிடக் கடினமானது, ஏனென்றால் இங்கே கண்ணுக்கு மிக உறுதியாகத் தெரிபவை பல உறுதியானவை அல்ல.

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் பகுதிகளில் பழைய நகரத்தார் வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறி வருகின்றன. அவற்றுக்குப் பெயர்ப்பலகையும் முகப்பு விளக்கும் வைக்கும் வேலை எங்களுக்கு அடிக்கடி வருகிறது. முகப்பின் மேலே வரிசையாக நிற்கும் குட்டைத் தூண்களைக் கொண்ட கைப்பிடிச் சுவரைப் பார்த்தால் யானையைக் கட்டலாம் போலத் தோன்றும். உண்மையில் அவை செங்கல் துண்டுகளின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி உருவாக்கியவை. பக்கவாட்டில் இழுத்தால் அடியோடு பெயர்ந்து வரும். வளைவின் உச்சியில் அமர்ந்திருக்கும் கஜலட்சுமி சுதைச் சிற்பத்தின் பின்னால் கயிறு கட்டுவதையும் நான் பார்த்திருக்கிறேன். அது சிற்பத்துக்கும் கேடு, உயிருக்கும் கேடு. சுவர் கனமாக இருக்கிறதே என்று அதில் துளையிட்டு ஃபாஸ்னர் அடிப்பதும் சரியல்ல. காங்கிரீட்டில் விரிந்து பிடிக்கும் அந்த போல்ட், சுண்ணாம்புக் காரையில் விரியும்போது சுற்றியுள்ள சாந்தையே நொறுக்கிவிடுகிறது. போல்ட் இறுகியதுபோல் கைக்குத் தெரியும், பாரம் ஏறினால் உருவிக்கொண்டு வரும்.

இந்த வீடுகளில் நம்பத்தக்கவை முகப்பிலும், வளவு என்ற உள்முற்றத்திலும் நிற்கும் கல்தூண்களும், அவற்றின் மேல் கிடக்கும் பர்மாத் தேக்கு உத்திரங்களும்தான், அதுவும் கறையானோ வெடிப்போ இல்லை என்று பார்த்த பிறகு. தூணைச் சுற்றி அகலமான நாடா வளையத்தைப் போட்டு, உராயும் இடத்தில் சாக்கு மடித்து வைத்து, அதிலிருந்து கயிற்றைக் கொண்டுவருகிறோம். இதனால் நூறு வருடச் சுவரில் ஒரு துளைகூட விழுவதில்லை என்பதால் வீட்டுக்காரர்களும் மறுப்புச் சொல்வதில்லை.

புதிய கடைகளில் வேறு விதமான ஏமாற்றம் இருக்கிறது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல் சுவர், அதில் கட்டவே கூடாது. பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனாக் குழாய், ஏ.சி. வெளிப்பெட்டியின் தாங்கி ஆகியவையும் கூடாது. மாடிப்படி அறையின் காங்கிரீட் தூணைச் சுற்றிக் கட்டுவது பெரும்பாலான இடங்களில் சாத்தியப்படுகிறது. அங்கிருந்து பாதுகாப்புக் கயிறு ஒன்றைப் பலகையின் முன்பாகத் தரைவரை தொங்கவிட்டு, அதில் ரோப் கிராப் என்ற கவ்வியை மாட்டி, அதை பெல்ட்டோடு குட்டையான நாடாவால் இணைத்துவிட்டால், ஆள் ஏணியில் ஏறும்போது கவ்வியும் கூடவே ஏறுகிறது, விழுந்தால் கயிற்றைக் கவ்விக்கொள்கிறது. விழும் தூரம் ஓரிரண்டு அடியோடு நிற்கிறது. பதினைந்து அடி உயரத்துக்கு உகந்த ஏற்பாடு இதுதான். 1.8 மீட்டர் இரட்டை நாடா பெரிய ஹோர்டிங் சட்டங்களில் கொக்கி மாற்றி மாற்றி ஏறுவதற்காக உருவானது, கடைவீதிப் பலகைக்காக அல்ல. ஆகவே சிறிய பட்டறைக்காரர்கள் இரட்டை நாடாவுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கயிற்றுக்கும் கவ்விக்கும் ஒதுக்க வேண்டும். கவ்வி வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் கயிற்றுத் தடிமனும் கயிற்றின் தடிமனும் ஒன்றாக இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் விளிம்பில் கயிறு அறுபடாமல் இருக்கப் பழைய ரப்பர் ஹோஸைப் பிளந்து மாட்டிவிடுகிறோம்.

எந்தக் காரணம் கொண்டும் கொக்கி மாட்டக் கூடாத இடம் பலகையின் சட்டமேதான். ஆனால் பழுது பார்க்கப் போகும் இடத்தில் கைக்கு முதலில் எட்டுவது அதுதான். 2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே நெடுஞ்சாலையோரத்தில் விளம்பரப் பலகை அமைக்கும் வேலையின்போது இரும்புச் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 2018 அக்டோபர் 5 அன்று புனேயில் ரயில்வே நிலத்தில் இருந்த பழைய விளம்பரச் சட்டத்தை அகற்றும்போது அது சாலையில் சாய்ந்து, கீழே சென்றுகொண்டிருந்தவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். சட்டமே விழும்போது அதில் கொக்கி மாட்டியவரையும் அது சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். கழற்றும் வேலை, மாட்டும் வேலையைவிட ஆபத்தானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாட்டும்போது போல்ட் புதியது, அதன் வலு நமக்குத் தெரியும். கழற்றும்போது உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சுவரோடு ஒட்டிய இடத்தில் மழைநீர் தங்கித் தங்கி, தலை மட்டும் முழுதாகவும் தண்டு நூல்போலவும் ஆன போல்ட்டுகளைக் கழற்றியிருக்கிறோம். உலோக அரிப்பையும் ஆராய்கிற, 1948இல் அடிக்கல் நாட்டி, அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரில் துருவின் வேகத்தைப் பற்றி நாம் இவ்வளவு அலட்சியமாக இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கழற்றும் பலகையை முதலில் மேலிருந்து தனிக் கயிற்றில் கட்டித் தாங்கவைத்து, மேலிருந்து கீழாகப் பகுதி பகுதியாக இறக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு இந்த பெல்ட்டில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. சொல்லப்போனால் ஒரு புது ஆபத்தையும் அது சேர்க்கிறது: ஒரு கொக்கி மாட்டியிருக்கும்போது மற்றொரு கொக்கி முழங்கால் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும், அது அரை கிலோ இரும்பு. திரும்பும்போது அது வீசி ஒயரில் படலாம். அதைச் செருகி வைப்பதற்கு மார்பு நாடாவில் தனியாக ஒரு பிளாஸ்டிக் காது கொடுத்திருக்கிறார்கள், அதில்தான் வைக்க வேண்டும். இடுப்பிலோ தொடையிலோ உள்ள இரும்பு வளையத்தில் மாட்டினால், விழும்போது விசை அப்சார்பருக்குப் போகாமல் அந்த நாடா வழியாகவே உடலில் இறங்கக்கூடும். இந்தப் பிளாஸ்டிக் காது எங்கள் செட் ஒன்றில் சீக்கிரமே உடைந்தது. தயாரிப்பாளர்கள் கவனிக்க வேண்டிய குறை இது.

நம் தெருக்களில் மின்கம்பி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். மின் பாதுகாப்பு விதிகளின்படி சாதாரண 230, 400 வோல்ட் கம்பியும் 11,000 வோல்ட் கம்பியும் கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். தெருவை ஒட்டிச் செல்லும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் போதும், உயர் அழுத்தக் கம்பிக்கு 5.8 மீட்டர். நாங்கள் சட்டம் அடிக்க வாங்கும் ஸ்கொயர் டியூப் ஒன்றின் நீளம் ஆறு மீட்டர். வண்டியிலிருந்து இறக்கி நிமிர்த்தினாலே, விதிப்படி சரியாகக் கட்டிய கம்பியைக்கூட அது தொட்டுவிடும். இதனால்தான் டியூபைப் பட்டறையிலேயே அளவுக்கு வெட்டி எடுத்துப் போகிறோம், தெருவில் எந்தக் குழாயையும் நிமிர்த்திப் பிடிப்பதில்லை. அலுமினிய ஏணியைக் கம்பி இருக்கும் பக்கத்தில் பயன்படுத்துவதை நிறுத்தி ஃபைபர் ஏணி வாங்கியிருக்கிறோம், விலை அதிகம்தான். பலகை கட்டடத்திலிருந்து நீட்டிக்கொண்டு வருவதாக இருந்தால் ஈ.பி. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்தியது உறுதியான பிறகுதான் ஏறுகிறோம். கடையின் மெயினை அணைத்துவிட்டோம் என்பது தெருக் கம்பிக்குப் பொருந்தாது என்பதைப் புதிதாகச் சேரும் பையன்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய நியான் பலகைகளின் டிரான்ஸ்ஃபார்மர் 15,000 வோல்ட் வரை கொடுக்கும். இப்போதைய எல்.இ.டி. எழுத்துகள் பன்னிரண்டு வோல்ட்டில் எரிந்தாலும், பின்னாலிருக்கும் பவர் சப்ளைக்கு வருவது 230 வோல்ட்தான். லேசான ஷாக் அடித்தாலே கை ஏணியை விட்டுவிடும், உயிரை எடுப்பது பல நேரம் அதன் பிறகான விழுதல்தான்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. பலகையின் முகப்புக்குப் போடும், எட்டுக்கு நான்கு அடி ஏ.சி.பி. (அலுமினியக் கலப்புத் தகடு) ஷீட் ஒன்றின் பரப்பு ஏறத்தாழ மூன்று சதுர மீட்டர். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் காற்று நேராக வீசினால் அதன் மேல் சுமார் 22 கிலோ தள்ளுவிசை விழும், காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஆடி மாதத்தில் பிற்பகலுக்குப் பிறகு முழு ஷீட் ஏற்றுவதில்லை.

விழுந்தவரை பெல்ட் பிடித்துக்கொண்ட பிறகு என்ன செய்வது என்பதை விற்பவர் யாரும் சொல்வதில்லை. அசைவில்லாமல் பெல்ட்டில் தொங்குபவருக்குத் தொடை நாடாவின் அழுத்தத்தால் காலில் இரத்தம் தேங்கி, மயக்கம் வந்து, சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது. கீழே எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும், இரண்டாவது ஏணி ஒன்று கையருகில் இருக்க வேண்டும், தொங்குபவரின் காலை உடனே தாங்கி எடையை விடுவிக்க வேண்டும், அதே நேரத்தில் 108க்கு அழைக்க வேண்டும். தொங்கும்போது கால் ஊன்றி நிற்பதற்கான மடிப்பு நாடா தனியாகச் சிறிய விலைக்குக் கிடைக்கிறது. இந்த செட்டோடு அதைச் சேர்த்தே கொடுத்திருக்கலாம். தனி ஆளாகப் பழுது பார்க்க யாரையும் அனுப்புவதில்லை என்ற எங்கள் வழக்கம் இதிலிருந்துதான் வந்தது. இரண்டு ஆள் கூலி எதற்கு என்று கடைக்காரர்கள் கேட்பதுண்டு. இரண்டாவது ஆள் ஏணியைப் பிடிப்பதற்கும், ஏறியவரைக் காப்பாற்றுவதற்கும் நிற்கிறார்.

பராமரிப்பில் எங்கள் தொழிலுக்கு என்று இரண்டு எதிரிகள் உண்டு: தின்னரும் வெல்டிங் பொறியும். பெயின்ட் டப்பாக்களோடு ஒரே சாக்கில் போட்டு வைத்தால் தின்னர் பட்ட நாடா வெளியே தெரியாமல் வலுவிழக்கும். வெல்டிங் பொறி விழுந்த இடத்தில் நாடா உருகி, நகத்தால் தடவினால் கெட்டியான சிறு புள்ளியாகத் தெரியும், அப்படி ஒன்று கண்டாலும் அந்த பெல்ட்டைக் கழித்துவிட வேண்டும். வெயிலில் காயப்போடக் கூடாது. ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஆள் பெயர் எழுதி, ஏறுவதற்கு முன் அவரே நாடா முழுவதையும் கையால் உருவிப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறோம்.

பொருளைப் பொருளாக மட்டும் மதிப்பிட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். தையலும் கொக்கிகளும் நன்றாக இருக்கின்றன, விலை சிறிய பட்டறைக்கும் கட்டுப்படியாகும். ஒரு மதிப்பெண்ணைக் குறைப்பது உடையும் பிளாஸ்டிக் காதுக்காகவும், தமிழில் ஒரு வரிகூட இல்லாத விளக்கத் தாளுக்காகவும். இந்த பெல்ட்டைத் தமிழ்நாட்டில் மாட்டுபவர்களில் பெரும்பாலோர் தமிழ் மட்டுமே படிப்பவர்கள். காலடியில் மாட்டினால் தரையில் மோதுவீர்கள் என்ற ஒற்றை வாக்கியத்தையாவது லேபிளில் தமிழில் அச்சிட வேண்டும்.

புதிதாகக் கடை கட்டுபவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. மேல்தளக் காங்கிரீட் போடும்போதே, தெருவைப் பார்த்த பக்கம் விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, பொறியாளர் சொல்லும் தடிமனில் இரண்டு இரும்பு வளையங்களைத் தளக் கம்பியோடு கட்டி விடச் சொல்லுங்கள். கட்டடச் செலவில் அது கணக்கிலேயே வராது. பலகை மாட்டுபவருக்கு மட்டுமல்ல, பெயின்ட் அடிப்பவருக்கும், ஏ.சி. பழுது பார்ப்பவருக்கும், கார்த்திகைக்கு மின்விளக்குச் சரம் கட்டுபவருக்கும் அந்தக் கட்டடம் நிற்கும்வரை அது உதவும். ஏற்கெனவே கட்டிய கடையென்றால் காங்கிரீட் தூணில் துளையிட்டு ரசாயனப் பசையால் பிடிக்கவைக்கும் கெமிக்கல் ஆங்கர் முறையில் வளையம் பதிக்கலாம். அதையும் தெரிந்தவரைக் கொண்டு செய்து, இழுத்துச் சோதித்த பிறகே நம்ப வேண்டும். எங்கள் விலைப்பட்டியலில் இப்போது பலகை, சட்டம், ஒயரிங் ஆகியவற்றுக்குக் கீழே மேல்கயிறும் வளையமும் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை அடித்துவிட்டு மீதிக்கு வேலை செய்யுங்கள் என்று கேட்டவர்களின் வேலையை நாங்கள் எடுக்கவில்லை.